மூணாம் பக்கத்துக் குண்டூசி

எழுபத்து நாலாம் வருஷம், சித்திரை மாதம் பதினோராம் தேதி, காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு தீர்மானம் செய்தேன். இனிமேல் இந்த உலகத்தில் எதற்கும் பயப்படுவதில்லை.

அப்போது நான் கட்டில் மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழே பாம்பு இருந்தது.

சவுக்குத் தோப்பிலிருந்து வந்த சாரை. அடுக்களை வழியாக வந்து வாசல் வழியாகப் போய்விடலாம் என்ற நல்ல எண்ணத்தோடுதான் அது வந்தது. நான் வழிவிட்டு மேலே ஏறினேன். ஏறும்போது "வச்சலா!" என்று ஒரு குரல் கொடுத்தேன். அந்தக் குரல் மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

வச்சலா என் மனைவி. கையில் தொடப்பத்தோடு வந்தாள். "தே, போ, போ" என்று தரையில் ரெண்டு தட்டுத் தட்டினாள். கறிக்கடை நாயை விரட்டுகிற அதே குரல்தான். பாம்பு போய்விட்டது.

"எறங்குங்க. போயிட்ச்சி."

"நல்லா பாத்தியா? ஜோடி இருக்கும்."

"ஜோடி கட்டிலு மேல நின்னுகினு கீது."

நான் இறங்கினேன். முழங்கால் இன்னும் இறங்கவில்லை. அது தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, நான் ஒண்ணு சொல்றேன். கோச்சிக்கக் கூடாது" என்றாள். வச்சலா இப்படி ஆரம்பித்தால் விஷயம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். "இந்தக் கடலோரத்துல, தோப்பு நடுவுல, உங்கள நம்பிகினு நான் எப்பிடிக் குடித்தனம் பண்றது? வைகாசி விசாகத்துக்கு நைனா வர்றாரு. மூட்டையக் கட்டிகினு அவரோடவே சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போயிடலாம். மில்லுல உங்களுக்கு ஒரு வேல இல்லாமலா பூடும்?"

அவளுடைய நைனா, அதாவது என் மாமனார் ஜம்புலிங்கம், சிங்கப்பெருமாள் கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். போன பொங்கலுக்கு அங்கே மூன்று நாள் இருந்தேன். விடியும் முன்னாடியே மில் சங்கு ஊதுகிறது. அவித்த நெல் வாசனையில் காப்பியும் அவித்த நெல்லாகவே இருக்கிறது. காலையில் கொடவுன் கதவைத் திறந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் உள்ளே போகமாட்டார்கள். அந்த மில்லின் வழக்கம் அது. முதல் கால் வீட்டு ஆம்பளை காலாக இருக்க வேண்டும். மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டு இருட்டுக்குள் போய் தொம் தொம் என்று மிதித்துவிட்டு வருவார். உள்ளே ஏதாவது ஓடும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போவார்கள்.

பாம்பைக் கண்டால் எனக்கு முழங்கால் ஆடும். மாமனாரைக் கண்டால் மற்றதெல்லாம் ஆடும்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் தெரியுமா? கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். எட்டு ரூம். சாவி கொடுப்பவனும் நான்தான், வாங்குபவனும் நான்தான். சாய்வு நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன், ஜன்னலில் கடல் காற்று. மத்தியானம் வச்சலா கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். ரூம்களுக்குத் தண்ணீர்ப் பானை நிரப்பிவிட்டுப் போவாள். அப்புறம் நாலு மணி வரைக்கும் என்னை எழுப்ப இந்த உலகத்தில் ஆள் கிடையாது. இதை விட்டுவிட்டு வீட்டோடு மாப்பிள்ளையாக உமி தின்னப் போவதா?

"வச்சலா, நான் பயந்தவன் இல்லன்னு நிரூபிச்சிட்டா?"

"எப்பிடி?"

"எப்பிடியோ. உங்க நைனா கண்ணெதிர்ல."

அவள் தொடப்பத்தை மூலையில் சாத்தினாள்.

"நிரூபிச்சிட்டா, பயந்தவர்னு சொல்லி உங்கள யாரும் இந்த ஊர விட்டுக் கூட்டிகினு போவ மாட்டாங்க. நான் கேரண்டி."

ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தேகப்படுவதற்கும் ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது.

ரெண்டு நாள் கழித்து ராபின் வந்தான்.

ராபின் என்பவன் நாலாம் நம்பர் ரூமில் மூன்று மாதமாக இருக்கும் அமெரிக்காக்காரப் பையன். தாடி, கைலி, வெறுங்கால். கல் செதுக்கக் கற்றுக்கொள்ள வந்தவன். வச்சலா வைக்கிற மீன் குழம்புக்கு அடிமை. தமிழும் அவளிடம்தான் கற்றுக்கொண்டான்.

"நீலமேகம் சார். வெயில் ஜாஸ்தி. நான் நேபாள் போறேன். என் குட்டி இங்க இருக்குது. நீங்க பாத்துக்கணும்."

"குட்டியா? பூனையா?"

"இல்ல சார். பாம்பு."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். அதனால் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறான் படுபாவி. துணிப்பையில் முடிந்து சட்டைக்குள்ளே. நாலாம் நம்பர் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் சாய்வு நாற்காலி. மூன்று மாதமாக அந்தச் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். நினைத்தவுடன் பிடரி மயிரெல்லாம் நட்டுக்கொண்டது.

"முடியாதுப்பா. வேற யாரையாவது பாரு."

"உங்க வைஃப் சொன்னாங்களே, 'எங்க வூட்டுக்காரர் கிட்ட குடு. இந்த ஊர்லயே தைரியசாலி அவுருதான்'னு."

"யாரு, வச்சலாவா சொன்னா?"

"ஆமா சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் ஆயிரம் சொல்வாள், வெளியே விட்டுக்கொடுக்க மாட்டாள், பாருங்கள். அந்த நெகிழ்ச்சியில் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின தலையைத் திருப்பி ஆட்டுவதற்குள் அவன் பெட்டியைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

முன்பக்கம் கண்ணாடி, மேலே கம்பி வலை மூடி. உள்ளே தேங்காய் நாரு, கவிழ்த்த கொட்டாங்கச்சி ஒன்று, தண்ணீர்க் கிண்ணம். கொட்டாங்கச்சிக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. ஆரஞ்சு நிறம். முதுகு நெடுக செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. மொத்த நீளம் என் முழங்கைக்கும் விரல் நுனிக்கும் நடுவே அடங்கும். பருமன் பென்சில்.

பென்சிலுக்கு யாராவது பயப்படுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். பென்சில் நாக்கை நீட்டினால் நீங்களும் பயப்படுவீர்கள்.

"விஷம் இல்ல சார். எங்க ஊர்ல மக்காச்சோளக் கொட்டாய்ல எலி புடிக்க வரும். சோளப் பாம்பு. குழந்தை இது. ஆனா தினம் கையில எடுத்துப் பழகணும். இல்லன்னா முரடாயிடும்."

ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தான். இங்கிலீஷில் எழுதி, படம் வேறு போட்டிருந்தான். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் என் மூளையில் விளக்கு எரிந்தது. தைரியத்தை நிரூபிக்க இதைவிட என்ன வேண்டும்? யாருக்கும் தெரியாமல் இதைப் பழக்க வேண்டும். விசாகத்தன்று மாமனார் முன்னால் கையில் எடுத்து, மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மீசை தொங்கிவிடும். வச்சலாவிடம் மூச்சு விடக் கூடாது. அவள் பானை நிரப்ப வரும்போது பெட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டால் போதும்.

நோட்டின் முதல் பக்கம் சாப்பாடு. வாரத்துக்கு ஒரு எலிக்குஞ்சு, கண் திறக்காதது. ரெண்டாம் பக்கம் பழக்குகிற முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எலி வாசனை இருந்தால் விரலை எலி என்று நினைத்துவிடும். மேலேயிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. பருந்து என்று பயந்துவிடும், பக்கவாட்டில் போக வேண்டும். இரை தின்றால் ரெண்டு நாள் தொடக் கூடாது. கண் பால் மாதிரி மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடிக்கும் வரை தொடவே கூடாது.

தொடக் கூடாத நாட்கள் இவ்வளவு இருப்பது எனக்கு ரொம்பவும் ஆறுதலாக இருந்தது.

மூணாம் பக்கத்தைப் பார்த்தேன். பக்கத்தின் உச்சியில் பாம்பின் வாயைப் பிளந்து, உள்ளே பல் வரிசையோடு பெரிதாக ஒரு படம் போட்டிருந்தான். நோட்டு கையிலிருந்து தானாகக் கீழே விழுந்தது. பிறகு ஒரு காலண்டர் தாளைக் கிழித்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்துக் குண்டூசி குத்திவிட்டேன். முருகன் படம் போட்ட தாள். மயிலின் காலடியில் ஒரு பாம்பு இருந்தது. அது பரவாயில்லை, மயில் மிதித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் கை கழுவினேன். அரை மணி நேரம் கழுவினேன். ரூமுக்குள் போனேன். பெட்டியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. மறுபடி கை கழுவ வந்துவிட்டேன்.

மறுநாள் மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். சித்திரை வெயிலில். மூடியைத் திறக்கும் முன்னமே மயக்கம் வந்து வெளியே வந்தேன். எதிரே டீக்கடை எல்லப்பன் ஒரு சோடாவை உடைத்து என் வாயில் ஊற்றினான்.

"இன்னா அண்ணாத்த, மழ வருதா?"

"வரும் போல இருந்துச்சி."

எல்லப்பனிடம்தான் எலிக்குஞ்சும் கேட்டாக வேண்டியிருந்தது.

"எல்லப்பா, எலிக்குஞ்சு கெடைக்குமா?"

"இன்னாத்துக்கு?"

"மருந்துக்கு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"துன்றதுக்கா, தடவறதுக்கா?"

"தடவறதுக்குப்பா. மெதுவாப் பேசு."

"எங்க தடவுவீங்க?"

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவே அதைத்தான் பேசிக்கொண்டது. ஆனால் எல்லப்பன் சொன்ன சொல் தவறாதவன். வாரா வாரம் வாழை இலையில் சுற்றி ஒரு குஞ்சு வந்துவிடும். அதன் மேல் எப்போதும் கொஞ்சம் உமி ஒட்டியிருக்கும். கடற்கரை ஊரில், மணலும் சவுக்கும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், உமி எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்தேனா? இல்லை. ஊதித் தள்ளிவிட்டேன்.

வீட்டு அடுக்களையிலிருந்து இடுக்கியைத் திருடிக்கொண்டு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, குஞ்சைப் பெட்டிக்குள் நீட்டினேன். இடுக்கி ஒரு இழுப்பு இழுபட்டது. நான் இடுக்கியையும் உள்ளேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது வச்சலா கேட்டாள்.

"இடுக்கியப் பாத்தீங்களா?"

"எந்த இடுக்கி?"

"நம்ம வூட்ல எத்தினி இடுக்கி கீது? கையில இன்னா இம்மாஞ் சோப்பு வாசன?"

"வெயிலுக்குக் கழுவினேன்."

"நல்லாக் கழுவுங்க. வெரலு நகத்துக்குள்ள எல்லாம் கழுவணும்" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். அக்கறையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் ஆயிற்று. கை மணிக்கட்டு வரைக்கும் பெட்டிக்குள் போயிருந்தது. மறுநாள் அது என்னைக் கடித்தது.

தப்பு என்மேல்தான். பக்கவாட்டில் போக வேண்டிய கை பயத்தில் மேலேயிருந்து போய்விட்டது. சுருண்டு கிடந்தது எழும்பி, என் ஆள்காட்டி விரலில் ஒரு கொத்துக் கொத்தியது. குண்டூசி குத்தின மாதிரிதான் இருந்தது. ரெண்டு சொட்டு ரத்தம். விஷமில்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனால் புத்தி அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை. நாக்கு வறண்டது. கண் இருட்டியது. உள்ளங்கால் ஜில்லென்று ஆனது. வச்சலாவை இனிமேல் பார்க்க மாட்டேன் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுதுவிட்டேன். கடைசி வார்த்தை எழுத காகிதம் கிடைக்காமல் லாட்ஜ் ரிஜிஸ்தரைத் திறந்தேன். அதில் 'புறப்படும் நேரம்' என்ற கட்டத்தில் மத்தியானம் பன்னிரண்டே கால் என்று எழுதி, 'செல்லும் இடம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது வச்சலா கேரியரோடு உள்ளே நுழைந்தாள்.

"இன்னாங்க, முகம் வெளுத்துகினு கீது?"

"ஒண்ணுமில்ல. குண்டூசி குத்திட்ச்சி."

அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"குண்டூசிய மேலேந்து எடுக்கப் போனா குத்தத்தான் செய்யும். சைடுல போவணும்" என்றாள்.

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அந்த வாரக் கடைசியில் வந்ததுதான் பெரிய பேஜாரு. கத்திரி வெயில் கொளுத்துகிற ஒரு காலையில் நாலாம் நம்பர் ரூமைத் திறந்தேன். பெட்டி காலி. கொட்டாங்கச்சியைக் குச்சியால் புரட்டினேன். காலி. மூடி மட்டும் சரியாக மூடியிருந்தது.

பெட்டிக்குள் இருக்கிற பாம்புக்குப் பயப்படுவது ஒரு பயம். பெட்டிக்கு வெளியே, எங்கே என்று தெரியாத பாம்புக்குப் பயப்படுவது வேறு பயம். கட்டிலுக்கு அடியில் இருக்கலாம். சட்டைக் கையில் இருக்கலாம். நான் மிதித்துக்கொண்டிருக்கிற பாயில் இருக்கலாம். மேஜை மேல் ஏறினேன். ஃபேன் காற்றில் என் வேட்டி நுனி காலில் பட்டதற்கே ரெண்டு தடவை கத்தினேன். விசாகத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். பாம்பு போனால் தைரியம் போச்சு, தைரியம் போனால் மில். ஒரு மணி நேரம் மேஜை மேலேயே குந்திக்கொண்டிருந்தேன்.

வச்சலா வந்தாள். ஒரு கையில் கேரியர், இன்னொரு கையில் மூடி போட்ட பிரம்புக் கூடை.

"மேஜ மேல இன்னா பண்றீங்க?"

"பல்பு மாத்தறேன்."

"பல்பு அந்தாண்ட கீது."

"மொதல்ல இங்கேந்து பாக்கறேன்."

"சரி, எறங்கிப் போயி சாப்புடுங்க. நான் பானைக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றேன்."

நான் தாவித் தாவி வெளியே போய், ரெண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துச் சாப்பிட்டேன். அவள் போன பிறகு போய்ப் பார்த்தால், பெட்டிக்குள் பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது! என் பிரிவைத் தாங்காமல் தானாகவே திரும்பி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம்கூட வந்தது. பயத்துக்கு மேலே பூசின பாசம்தான், ஆனாலும் பாசம்.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். பாம்பு சீறவில்லை, ஒளியவில்லை. நாக்கால் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ தினமும் போகிற வழி மாதிரி, மெதுவாக உள்ளங்கையில் ஏறியது. ஈரமாக, வழவழவென்று இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. காய்ந்த, குளிர்ச்சியான, பட்டு நாடா மாதிரி இருந்தது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் அப்படியேதான் இருந்தது. கை மட்டும் நீண்டுவிட்டது. முதுகில் வேர்வை ஓடியது, பல் கிட்டித்தது. ஆனால் நான் நின்றேன், ஓடவில்லை. என் வாழ்நாளில் ஒரு பயத்துக்கு முன்னால் நான் நின்றது அதுதான் முதல் தடவை. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

பிறகு சட்டை உரித்தது, எனக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தது. உரித்த சட்டையைக் கண்ணாடிப் பேப்பர் மாதிரி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். விசாகம் வருவதற்குள் அது என் ரெண்டு கைக்கும் நடுவே நடமாட ஆரம்பித்துவிட்டது. நான் மீசை வளர்க்க ஆரம்பித்தேன்.

விசாகத்தன்று பத்து மணிக்கு மாமனார் வந்தார். மில் லாரியில் வந்தார்.

"இன்னா மாமா, லாரியில?"

"பஸ்ஸுல கும்பல் மாப்ள" என்றார். பெரிய லாரி. பின்னால் காலியாக இருந்தது.

வச்சலா மோர் கொடுத்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"மாமா, உங்களுக்கு ஒண்ணு காட்டணும். வச்சலா, நீயும் வா. பயப்படாத."

நாலாம் நம்பர் ரூமுக்குள் போனோம். முழங்கால் ஆட ஆரம்பித்தது, வேட்டி மறைத்துக்கொண்டது. கை கழுவினேன். மூடியைத் திறந்தேன். பக்கவாட்டில் கையை நீட்டினேன். அது ஏறியது. எடுத்துத் திரும்பினேன்.

ஜம்புலிங்கம், செங்கல்பட்டு ஜில்லாவில் ஒருத்தனுக்கும் அஞ்சாத ஜம்புலிங்கம், ரெண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். மோர் தம்ளர் கீழே விழுந்தது. மீசை தொங்கியது. ஐயோ, அந்த ஒரு நிமிஷம்! அதற்காக நான் நாற்பது நாள் செத்துச் செத்துப் பிழைத்தது தகும்.

"மாப்ள... அது உசுரோட கீதா?"

"தொட்டுப் பாக்கறீங்களா மாமா?"

"வேணாம், வேணாம்!" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஓடி வந்து, பாம்பு இல்லாத தோளாகப் பார்த்து ஓங்கித் தட்டினார். "சிங்கம்யா நீங்க! வச்சலா சொன்னப்ப நான் நம்பவே இல்ல."

"வச்சலா என்ன சொன்னா?"

"மாப்ள, நம்ம கொடவுன்ல மூட்டக்காரனுங்க கால வச்சி ரெண்டு மாசம் ஆவுது. எலி வந்துட்ச்சி. எலிக்குப் பின்னாடி சாரையும் நல்லதும் வந்துட்ச்சி. நம்ம மில்லு வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, மொத கால் வூட்டு ஆம்பள கால். என் முட்டி பூட்ச்சி. எனக்குப் புள்ளயும் கெடையாது. மாப்ளயக் கூப்புடலாம்னா, அவுரு பல்லியப் பாத்தாலே பறப்பாருன்னு பேசாம இருந்துட்டேன். இந்தப் பொண்ணுதான் சித்திர மாசம் கடுதாசி போட்டுச்சி. 'நைனா, விசாகத்துக்கு வந்து உன் கண்ணால பாரு. புடிச்சிருந்தா லாரியோட கூட்டிகினு போ'ன்னு."

வச்சலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பாம்பு என் கையிலிருந்து தலையை நீட்டியது. வளையல் சத்தம் வந்த பக்கம் நீட்டியது. வச்சலா ரொம்பச் சாதாரணமாகக் கையை முன்னால் வைத்தாள். அது அவள் கைக்கு ஏறி, வளையலோடு வளையலாகச் சுற்றிக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை... பாம்புக்கு இமை கிடையாது, இருந்திருந்தால் மூடியிருக்கும்.

"செவப்பி, இன்னா அவசரம் உனக்கு?" என்றாள்.

"செவப்பியா?"

"பேரு வக்காம எப்பிடிங்க கூப்புடறது? தெனம் நான் பானைக்குத் தண்ணி ஊத்த வர்றப்போ கால் மணி நேரம் கையில வச்சிகினு இருப்பேன். அன்னிக்கு ஒரு நாளு வெயிலு தாங்காதுன்னு காலையிலியே வந்து, நம்ம வூட்டுக்குக் கொண்டு போயி, மண் பானைக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். நீங்க பாவம், மேஜ மேல குந்திகினு இருந்தீங்க."

"எலிக்குஞ்சு?"

"நம்ம மில்லுதான். வாரா வாரம் பஸ்ஸுல வரும். எல்லப்பன் கிட்ட நான்தான் குடுத்தனுப்புவேன்."

உமி! அந்த உமி எல்லாம் இப்போது என் கண்ணில் வந்து விழுந்தது.

"ராபின் வருவானேடி. பாம்பக் கேப்பானே."

"வர மாட்டாரு. எனக்குக் கடுதாசி போட்டாரு. நேபாளத்துலேந்து அப்பிடியே அவுங்க ஊருக்குப் போறாராம். செவப்பிய நம்மளையே வச்சிக்கச் சொல்லிட்டாரு. கொட்டாய்ல எலி புடிக்கற பாம்பு தானே, மில்லுக்கு நல்லது."

"நிரூபிச்சா இங்கியே இருக்கலாம்னு சொன்னியே!"

"எங்க சொன்னேன்? பயந்தவர்னு கூட்டிகினு போவ மாட்டாங்கன்னு சொன்னேன். இப்போ யாரு உங்கள பயந்தவர்னு கூட்டிகினு போறாங்க?"

மாமனார் என் சாய்வு நாற்காலியை அவரே தூக்கி லாரியில் வைத்தார். அது லாட்ஜ் நாற்காலி என்றேன். அதற்குள் அதன்மேல் கட்டில் ஏறிவிட்டது.

மறுநாள் காலை வெயில் ஏறும் நேரம். கொடவுன் வாசலில் மூட்டைக்காரர்கள் பன்னிரண்டு பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். மாமனார் பூட்டைத் திறந்தார். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஏதோ சரசரவென்று நகர்ந்தது. அது சத்தியமாகப் பென்சில் அளவு இல்லை.

வச்சலா என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கையில் செவப்பி, இன்னொரு கையில் ராபினின் நோட்டு.

"வச்சலா, எனக்கு பயமா கீதுடி."

"எனக்குத் தெரியும். அதனாலதான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள் மெதுவாக. "மூணாம் பக்கம் படிச்சீங்களா?"

"அதுல வாய் படம் போட்டிருந்தான். குண்டூசி குத்திட்டேன்."

அவள் குண்டூசியை எடுத்து, முருகனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படித்துத் தமிழில் சொன்னாள். எங்கள் வீட்டில் பி.யூ.சி. பாஸ் செய்தது அவள்தான்.

"'கழுத்தப் புடிக்கக் கூடாது. இழுக்கக் கூடாது. தானா போறதாவே அது நெனச்சிகினு இருக்கணும். அது எந்தப் பக்கம் போனாலும் நம்ம கை அதுக்கு முன்னாடி போயி நிக்கணும். கொஞ்ச நாள்ல பழகிடும்.'"

அவளுடைய இடது கை எப்போது என் முதுகுக்குப் பின்னால் வந்தது என்று எனக்குத் தெரியாது. என் வலது கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே இருந்தது.

"பாம்பு பழக ஒரு மாசம் ஆவும்னா போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

"பத்து நாளுன்னு தாங்க போட்டிருக்காரு. செவப்பி ஒரு வாரத்துலியே பழகிட்ச்சி. மீதி நாளெல்லாம் உங்களுக்குத்தான் ஆச்சு."